42.8 என்ற எண் எங்கிருந்து வந்தது? வரிக்காக மதுவின் வீரியத்தை அளந்த முறைகள்

கேள்வி இதுதான்: இந்தியாவில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி புட்டிகளில் 42.8% என்று அச்சிட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுப் புட்டிகளில் 40, 43 என்று முழு எண்ணாக இருக்கும்போது இங்கே மட்டும் ஏன் இந்தத் தசம எண்? ஆய்வகம் எதுவும் இல்லாத காலத்தில் வரி போடுவதற்காக வீரியத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. 42.8 என்பது யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்த எண் அல்ல. பழைய பிரிட்டிஷ் கலால் முறையில் 'புரூஃப் ஸ்பிரிட்' என்று ஒரு நிலையான வீரியம் இருந்தது. இன்றைய கணக்கில் அது கொள்ளளவில் 57.06% ஆல்கஹால். அதை 100 டிகிரி என்று வைத்துக்கொண்டார்கள். இந்தியாவில் 75 டிகிரி வழக்கமாயிற்று. 57.06ஐ 0.75ஆல் பெருக்குங்கள், 42.8 வரும். இதையே '25 அண்டர் புரூஃப்' என்றும் சொல்வார்கள், அதாவது புரூஃபுக்கு 25 கீழே. பிரிட்டனில் 70 டிகிரி வழக்கமாக இருந்தது. அதைச் சதவீதமாக்கினால் 39.94 வரும், அதனால்தான் அங்கே 40.

புட்டியில் சதவீதம் அச்சானாலும் கலால் கணக்கில் புரூஃப் இன்னும் உயிரோடு இருக்கிறது. பல மாநிலங்களில் தீர்வை 'லண்டன் புரூஃப் லிட்டர்' (புரூஃப் வீரியத்தில் ஒரு லிட்டர்) என்ற அலகில்தான் விதிக்கப்படுகிறது. 750 மில்லி புட்டி 12 கொண்ட ஒரு பெட்டியில் 9 லிட்டர் சரக்கு. 75 டிகிரி என்பதால் 9 × 0.75 = 6.75 புரூஃப் லிட்டர். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் 0.135 புரூஃப் லிட்டர். வடிசாலைக் கணக்கர்களுக்கு இந்த 6.75 மனப்பாடம்.

முதலில், வீரியத்தை எதற்கு அளக்க வேண்டும்? கேலனுக்கு இவ்வளவு என்று மொட்டையாக வரி போட்டால் வடிப்பவர் மிகக் காட்டமான ஸ்பிரிட்டை வரி கட்டி வெளியே எடுத்து, பிறகு தண்ணீர் கலந்து இரண்டு பங்காக விற்பார். சரி, சரக்கை விட்டுவிட்டு வாலையின் (சாராயம் வடிக்கும் கலனின்) கொள்ளளவுக்கு வரி போடலாமே என்றால், அதையும் ஸ்காட்லாந்தில் செய்து பார்த்தார்கள். 1786இல் அங்கே தாழ்நிலப் பகுதியில் வாலையின் ஒவ்வொரு கேலன் கொள்ளளவுக்கும் ஆண்டுக்கு 30 ஷில்லிங், அதாவது ஒன்றரை பவுண்டு, என்று உரிமக் கட்டணம் வைத்தார்கள். வடிப்பவர்கள் ஆழம் குறைந்த, அகன்ற, தட்டு போன்ற வாலைகளைச் செய்தார்கள். அடியில் தீ முழுப்பரப்பிலும் படுவதால் ஒரு வடிப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும், உடனே அடுத்தது. ஒரு நாளில் வடித்துத் தள்ளும் அளவு பல மடங்கு பெருகியது. அரசு கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போய் 1797இல் கேலனுக்கு 54 பவுண்டில் கொண்டுவந்து நிறுத்தியது. அவசர வடிப்பில் வந்த சாராயம் கருகிய வாடையும் மோசமான தரமுமாக இருந்தது. வெளிவரும் ஆல்கஹாலை நேரடியாக அளக்காமல் வேறு எதை அளந்தாலும் தொழில் அந்த அளவைச் சுற்றி வளைந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி பழைய சோதனைகள். எல்லோருக்கும் தெரிந்தது வெடிமருந்துச் சோதனை. சிறிது கருமருந்தைக் குவித்து, அதன் மேல் ஸ்பிரிட்டை ஊற்றி நனைத்துத் தீ வைப்பார்கள். ஆல்கஹால் எரிந்து தீர்ந்த பிறகு மருந்து பற்றிக்கொண்டால் சரக்கு புரூஃப் அல்லது அதற்கு மேல். பற்றாமல் ஈரமாகக் கிடந்தால் புரூஃபுக்குக் கீழ். இதற்குள் இருக்கும் வேதியியல் எளிது: மருந்திலுள்ள வெடியுப்பு தண்ணீரில் நன்றாகக் கரையும், ஆல்கஹாலில் ஏறக்குறையக் கரையவே கரையாது. தண்ணீர் மிஞ்சினால் உப்பு கரைந்து, மருந்து நமுத்துப் போகும்.

ஆனால் கேலனுக்கு இத்தனை ஷில்லிங் என்று சண்டை போடும் இடத்துக்கு இந்தச் சோதனை உதவாது. ஒரே ஸ்பிரிட்டைக் கொஞ்சமாக ஊற்றினால் மருந்து பற்றும், தாராளமாக ஊற்றினால் பற்றாது, ஏனென்றால் பின்னதில் மிஞ்சும் தண்ணீரின் அளவு அதிகம். மருந்துத் துகள் பொடியா பருமனா என்பதும் முடிவை மாற்றும். எத்தனை துளி ஊற்றுவது என்பது சோதிப்பவர் கையில் இருக்கும்வரை முடிவும் அவர் கையில்தான். வெடிமருந்து சரியாக 57.06 சதவீதத்தில்தான் பற்றும், அதனால்தான் புரூஃப் அந்த எண்ணாயிற்று என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது தலைகீழ். அந்தத் துல்லியமான எண் 19ஆம் நூற்றாண்டில் ஒரு சட்டம் அடர்த்தியை வைத்துக் கொடுத்த வரையறையிலிருந்து வந்தது.

இரண்டாவது, முத்துச் சோதனை. சிறு கண்ணாடிக் குப்பியில் முக்கால்வாசி ஸ்பிரிட் எடுத்து, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிக் குலுக்குவார்கள். மேலே எழும் குமிழிகளின் பருமனும், அவை கண்ணாடி ஓரமாக மாலை கோத்தாற்போல எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதும்தான் அளவு. பழகிய கண்ணுக்கு இது ஓரளவு சரியாகவே சொல்லும். பிரான்சில் பிராந்தி வணிகத்தில் 'ஹாலந்து புரூஃப்' என்று நடந்தது இதுதான், சுமார் 50% வீரியத்தைக் குறித்தது. ஏமாற்றுவதும் சுலபம். கந்தக அமிலத்தில் சிறிது பாதாம் எண்ணெயைக் கலந்து ஓரிரு துளி விட்டால் நீர்த்த சரக்கிலும் முத்து நின்று காட்டும். இந்தக் கலவை அந்தக் கால வியாபாரிகளிடையே ஊரறிந்த இரகசியம்.

மூன்றாவது எண்ணெய்ச் சோதனை. ஒரு துளி ஆலிவ் எண்ணெயை ஸ்பிரிட்டில் விட்டு, மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்ப்பது. பார்க்க நாட்டு வைத்தியம் போலத் தோன்றினாலும் முன்சொன்ன இரண்டையும்விட இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஆலிவ் எண்ணெயின் ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்த அடர்த்தி) சுமார் 0.916, புரூஃப் ஸ்பிரிட்டின் ஒப்படர்த்தி 60 டிகிரி பாரன்ஹீட்டில் 0.9198. ஆக புரூஃபில் எண்ணெய் மேலே நிற்கும், புரூஃபைத் தாண்டிச் சற்றுப் போனதும் மூழ்கும். அடர்த்தியைத்தான் அளக்க வேண்டும் என்ற சரியான வழி இதில் அடங்கியிருக்கிறது. குறை என்னவென்றால் ஒரே ஒரு புள்ளியைத்தான் காட்டும். அந்தப் புள்ளிக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பது தெரியாது.

ரஷ்யாவில் எரித்துப் பார்த்தார்கள். அரசு முத்திரையிட்ட செப்புப் பாத்திரத்தில் குறிப்பிட்ட அளவு ஊற்றி, காய்ச்சி, பற்றவைத்து, நெருப்பு அணைந்தபின் மிஞ்சியதை அளந்தால் சரிபாதி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அது 'பொலுகார்', அதாவது பாதி எரிந்தது. சுமார் 38% வீரியம். பாதி எரிந்தால் 50% இருக்க வேண்டுமே என்று தோன்றும். எரியும்போது சூட்டில் தண்ணீரும் ஆவியாகிப் போகிறது, தண்ணீர் மிகும்போது ஆல்கஹால் முழுதும் தீராமலே நெருப்பும் அணைகிறது. இந்த இரண்டும் எந்த அளவுக்கு நடக்கும் என்பதைப் பாத்திரத்தின் வடிவமும் சூடும் தீர்மானிக்கும். பாத்திரத்துக்கே அரசு முத்திரை போட்டது இதற்காகத்தான்.

இங்கிலாந்தில் மிதவைமானி, அதாவது ஹைட்ரோமீட்டர், வரி வேலைக்கு வந்தது ஜான் கிளார்க் என்பவரால். 1730இல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியில் இது விவரிக்கப்பட்டது. முதலில் அவர் தந்தத்தில் செய்து பார்த்தார். தந்தம் ஸ்பிரிட்டை உறிஞ்சி எடை மாறியது. கண்ணாடி எளிதில் உடையும். கடைசியில் செப்பு உருண்டையும் பித்தளைத் தண்டுமாகச் செய்தார். தண்டின் நடுவில் புரூஃபுக்கு ஒரு கோடு, பத்தில் ஒரு பங்கு கூடுதலுக்கு ஒரு கோடு, பத்தில் ஒரு பங்கு குறைவுக்கு ஒரு கோடு. அடியில் திருகி மாட்டச் சிறு எடைகள். சூடான நாளுக்கும் குளிர்ந்த நாளுக்கும் என்று தனியே 'வானிலை எடைகள்' வேறு. இந்தக் கருவிக்கு 1787இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அதற்குள் ஒவ்வொரு தேவைக்கும் ஒன்றாக எடைகள் பெருகிப் பெட்டி நிரம்பிப்போயிருந்தது. எடையை மாற்றி மாட்டினால் முடிவும் மாறும். வெப்பநிலையைத் தோராயமாகச் சில படிகளில்தான் திருத்த முடியும்.

சிக்கலின் வேர் இங்கேதான், எனவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். தண்ணீரின் அடர்த்தி 1, தூய ஆல்கஹாலின் அடர்த்தி சுமார் 0.79. நடுவில் உள்ளதை விகிதக் கணக்காகப் போட்டுவிடலாம் என்று தோன்றும். முடியாது. 500 மில்லி தண்ணீரும் 500 மில்லி ஆல்கஹாலும் சேர்த்தால் 1,000 மில்லி வராது, சுமார் 965தான் வரும். இரண்டின் மூலக்கூறுகளும் நெருங்கி அமர்ந்துகொள்வதால் கலவை சுருங்குகிறது. இந்தச் சுருக்கம் எல்லா விகிதத்திலும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. ஆகவே அடர்த்திக்கும் வீரியத்துக்கும் இடையே எளிய சூத்திரம் கிடையாது. கலந்து, எடை போட்டு, அட்டவணை தயாரிப்பதுதான் ஒரே வழி.

அந்த உழைப்பை ராயல் சொசைட்டியின் செயலர் சார்லஸ் பிளாக்டனும், அங்கே எழுத்தராக இருந்த ஜார்ஜ் கில்பினும் செய்தார்கள். அரசு கேட்டதன்பேரில் பிளாக்டன் 1790இல் அறிக்கை தந்தார். கில்பினின் விரிவான அட்டவணைகள் 1794இல் வந்தன. ஒப்படர்த்தி 0.825 உள்ள ஸ்பிரிட்டை அடிப்படையாக எடுத்து, அதோடு தண்ணீரை எடைக் கணக்கில் படிப்படியாகக் கலந்து, ஒவ்வொரு கலவையையும் 30 டிகிரி பாரன்ஹீட்டிலிருந்து 100 டிகிரி வரை ஐந்தைந்து டிகிரியாக நிறுத்தி எடை பார்த்தார்கள். கொள்ளளவில் கலக்காமல் எடையில் கலந்தது முக்கியமான முடிவு, ஏனென்றால் எடை வெப்பத்தால் மாறாது, சுருக்கமும் அதைப் பாதிக்காது. இதற்குப் பிறகு வந்த வரி அட்டவணைகள் எல்லாம் இந்த வேலையின் மேல் கட்டியவைதான்.

அடுத்து எந்தக் கருவி என்ற போட்டி 1802இலும் 1803இலும் நடந்தது. வென்றது பார்த்தலோமியு சைக்ஸ் என்ற கலால் அதிகாரியின் மிதவை. அவர் 1803இலேயே இறந்துவிட்டார், பரிசுத் தொகை அவர் மனைவிக்குப் போயிற்று. 1816இல் சட்டம் இந்தக் கருவியை ஏற்று, புரூஃபுக்கு ஒரு வரையறை கொடுத்தது: 51 டிகிரி பாரன்ஹீட் வெப்பநிலையில், அதே கொள்ளளவு வாலைவடிநீரின் எடையில் சரியாக 12/13 பங்கு எடையுள்ள ஸ்பிரிட்தான் புரூஃப் ஸ்பிரிட். வெடிமருந்தும் இல்லை, முத்தும் இல்லை, ஆல்கஹால் என்ற சொல்லே இல்லை.

சைக்ஸ் கருவியை அருகில் வைத்துப் பார்ப்போம். நடுவில் உள்ளீடற்ற பித்தளை உருண்டை. மேலே தட்டையான மெல்லிய தண்டு, அதில் 0 முதல் 10 வரை கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் ஐந்து சிறு பிரிவு. கீழே கூம்பு வடிவத் தண்டு, அதன் நுனியில் கனத்துக்காகப் பேரிக்காய் வடிவக் குமிழ். கூடவே வட்ட எடைகள் ஒன்பது, 10, 20 என்று 90 வரை எண்ணிட்டவை, பக்கவாட்டில் வெட்டு விட்டுக் கீழ்த்தண்டில் சொருகும்படி. மிகக் காட்டமான ஸ்பிரிட்டில் எடை எதுவும் இல்லாமல் 0 காட்டும், தண்ணீரில் 90 எடையோடு மேல்தண்டில் 10, ஆக 100. முழு நெடுக்கத்தையும் ஒரே தண்டில் பொறித்தால் ஒன்று தண்டு மிக நீண்டுவிடும், அல்லது கோடுகள் நெருங்கிப் படிக்க முடியாமல் போகும். எடைகளால் நெடுக்கத்தைப் பத்தாகப் பிரித்ததால் குட்டைத் தண்டிலேயே ஐந்தில் ஒரு பங்கு வரை படிக்க முடிந்தது.

அளக்கும் முறை இப்படி. ஒடுங்கிய உயரமான சோதனைக் குவளையை அதே ஸ்பிரிட்டால் ஒருமுறை கழுவிக் கொட்டிவிட்டு நிரப்ப வேண்டும், இல்லையென்றால் முன்பு கழுவிய தண்ணீரின் துளிகளே வீரியத்தைக் குறைத்துக் காட்டும். வெப்பமானியை விட்டுக் கலக்கி, நிலைத்ததும் படித்துக் குறிக்க வேண்டும். பொருத்தமான எடையை மாட்டி மிதவையை இறக்கி, தண்டின் 0 கோடு வரை மெதுவாக அழுத்தி விட்டுவிட வேண்டும், தண்டு முழுதும் நனைந்து சீராக மேலெழும். கண்ணைத் திரவ மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, மட்டம் தண்டை வெட்டும் கோட்டைப் படிக்க வேண்டும். தண்டோடு ஒட்டி மேலேறி நிற்கும் விளிம்பைப் படிக்கக்கூடாது. எடையின் எண்ணையும் தண்டின் எண்ணையும் கூட்டினால் 'சுட்டெண்'. அச்சிட்ட அட்டவணையில் அந்த வெப்பநிலைக்குரிய பக்கத்தில் சுட்டெண்ணுக்கு நேரே புரூஃபுக்கு எவ்வளவு மேல் அல்லது கீழ் என்று இருக்கும்.

வரிக் கணக்கு அதன்பின் வெறும் பெருக்கல்தான். 54 கேலன் பீப்பாய், 11 ஓவர் புரூஃப் என்றால் 54 × 1.11 = 59.94 புரூஃப் கேலன். அதே பீப்பாய் 25 அண்டர் புரூஃப் என்றால் 54 × 0.75 = 40.5. தண்ணீர் கலந்தாலும் கலக்காவிட்டாலும் வரி மாறாது, ஏனென்றால் புரூஃப் கேலன்களின் எண்ணிக்கை மாறாது. தூய ஆல்கஹால் இந்த அளவுகோலில் சுமார் 75 ஓவர் புரூஃப்.

இந்தக் கருவியில் நான் மிகவும் மதிப்பது ஒரு சின்னப் பொருளை: பெட்டியில் கூடவே வரும் சதுரத் தொப்பி எடை. அதன் எடை, மிதவையும் 60 எண் எடையும் சேர்ந்த எடையில் சரியாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு. 60 எடை மாட்டிய மிதவையை 51 டிகிரியில் புரூஃப் ஸ்பிரிட்டில் விட்டால் தண்டின் ஓரத்தில் பொறித்த ஒரு கோடு வரை இறங்கும். இப்போது தொப்பியைத் தண்டின் உச்சியில் மாட்டி, அதே 51 டிகிரியில் வாலைவடிநீரில் விடுங்கள். மொத்த எடை 12 பங்கிலிருந்து 13 பங்காகிவிட்டது, திரவத்தின் அடர்த்தியும் 12/13இலிருந்து 1 ஆகிவிட்டது. எனவே மிகச்சரியாக அதே கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கருவி கெட்டுவிட்டது. சட்டத்தில் எழுதிய பின்னமே இங்கே பித்தளையில் வடிக்கப்பட்டிருக்கிறது. புரூஃப் ஸ்பிரிட் எதையும் தேடாமல், வெறும் தண்ணீரையும் வெப்பமானியையும் வைத்து, வரி வாங்குபவரும் கட்டுபவரும் ஒரே மேசையில் கருவியைச் சரிபார்த்துக்கொள்ளலாம். சைக்ஸ் மிதவை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்ததற்கு அதன் துல்லியத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

கெட்டுப்போவதற்கு வழிகள் நிறைய. கீழே விழுந்து உருண்டையில் ஒரு சொட்டை விழுந்தால் கொள்ளளவு குறையும், மிதவை கூடுதலாக மூழ்கும், சரக்கு உண்மையைவிடக் காட்டமாகத் தெரியும், வியாபாரிக்கு நஷ்டம். பலமுறை துடைத்துத் துடைத்து எடை தேய்ந்தால் நேர் எதிர், மிதவை மேலே நின்று வீரியம் குறைவாகத் தெரியும், அரசுக்கு நஷ்டம். ஒரு பெட்டியின் எடையை இன்னொரு கருவியில் மாட்டினால் இரண்டும் பொய் சொல்லும். தண்டில் விரல் எண்ணெய் பட்டால் திரவம் சீராக ஒட்டாமல், கோடு தடுமாறும். உருண்டையில் ஒட்டிய காற்றுக் குமிழ் மிதவையைத் தூக்கிவிடும்.

ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரிய எதிரி வெப்பம். ஆல்கஹால் தண்ணீரைவிடச் சுமார் ஐந்து மடங்கு விரிவடையும். 40, 50 சதவீத ஸ்பிரிட்டில் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் காட்டும் அளவு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடிவிடும். 60 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 15.6 செல்சியஸுக்குப் பொறித்த மிதவையைச் சென்னையில் 30 டிகிரியில் உள்ள 42.8% சரக்கில் விட்டுத் திருத்தாமல் படித்தால் 48ஐத் தாண்டிக் காட்டும். குளிர்நாட்டில் தயாரான அட்டவணையோடு 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் (மது வரிச் சட்டம்) நடைமுறையான ஊரில் வெப்பமானி இல்லாத மிதவைக்கு மதிப்பே இல்லை. வெப்பமானி ஐந்து டிகிரி பாரன்ஹீட் தவறாகக் காட்டினாலே ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகும்.

அடுத்த எதிரி சர்க்கரை. மிதவை அளப்பது அடர்த்தியை மட்டும்தான், அந்த அடர்த்தி எதனால் வந்தது என்று அதற்குத் தெரியாது. 100 மில்லி ஸ்பிரிட்டில் ஒரு கிராம் சர்க்கரை கரைத்தால் போதும், வீரியம் இரண்டு சதவீதப் புள்ளி குறைந்தாற்போலக் காட்டும். ரம்மில் நிறத்துக்குச் சேர்க்கும் கருக்கிய சர்க்கரைப்பாகு, பீப்பாய் மரத்திலிருந்து இறங்கும் சாறு எல்லாமே இதைச் செய்யும். தெரிந்தே இனிப்பைச் சேர்த்து வரியைக் குறைத்துக் கட்டுவதற்கும் இது கதவைத் திறந்துவிட்டது.

இதற்கு மருந்து வாலைதான். சரியாக 100 மில்லி மாதிரியை நிலையான வெப்பநிலையில் அளந்து குடுவையில் ஊற்றி, அளந்த குவளையைத் தண்ணீரால் அலசி அதையும் சேர்த்து, மெதுவாக வடிப்பார்கள். சர்க்கரையும் நிறமும் குடுவையிலேயே தங்கிவிடும். ஆல்கஹால் முழுதும் வெளிவந்த பிறகு, வடிந்ததை அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து வாலைவடிநீரால் மறுபடி சரியாக 100 மில்லியாக்கி அடர்த்தியைப் பார்ப்பார்கள். இப்போது அதில் ஆல்கஹாலும் தண்ணீரும் மட்டுமே. தவறு நடக்கும் இடங்கள்: மூட்டுகளில் ஆவி கசிவது, குளிர்விக்கும் தண்ணீர் போதாமல் ஆல்கஹால் ஆவியாகவே ஓடிவிடுவது, அவசரப்பட்டுத் தீயை ஏற்றிக் குடுவை பொங்கி சர்க்கரை வடிநீரில் கலப்பது, முதலில் ஒரு வெப்பத்திலும் முடிவில் வேறு வெப்பத்திலும் 100 மில்லியை அளப்பது. மிதவைக்குப் பதில் ஒப்படர்த்திக் குடுவையில் எடை போட்டால் இன்னும் துல்லியம். இன்றும் கலால் ஆய்வகங்களில் அடிப்படை முறை இதுதான்.

மற்ற நாடுகள் வேறு வழிகளில் போயின. அமெரிக்கா லிவர்பூலைச் சேர்ந்த ஜான் டைகாஸின் மிதவையை எடுத்துக்கொண்டது. 1791ஆம் ஆண்டு விஸ்கி வரிச் சட்டம் உள்நாட்டு மூலப்பொருளில் வடித்த சரக்கை அந்த மிதவைப்படி ஆறு வகுப்பாகப் பிரித்து, கேலனுக்கு 9 சென்ட்டிலிருந்து 25 சென்ட் வரை வைத்தது. புரூஃபுக்கு மேல் 20 வரை 13 சென்ட், 20ஐத் தாண்டினால் 17. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20இல் நிறுத்தினால் ஒரு புரூஃப் கேலனுக்கு விழுவது 10.8 சென்ட், 21 ஆனால் 14 சென்ட். வகுப்பு பிரித்து வரி போட்டால் எல்லாரும் கோட்டின் கீழ்விளிம்பில் வந்து நிற்கத்தான் செய்வார்கள். பிறகு 1868இல் அமெரிக்கா புரூஃபைக் கொள்ளளவில் சரிபாதி ஆல்கஹால் என்று மாற்றிக்கொண்டது, அதனால் அங்கே 100 புரூஃப் என்றால் 50%. பிரான்சில் வேதியியலாளர் கே-லுசாக் இன்னும் நேராகப் போனார். 15 டிகிரி செல்சியஸில் தண்ணீர் 0, தூய ஆல்கஹால் 100, நடுவில் கொள்ளளவுச் சதவீதம். 1824இல் சட்டமாயிற்று. இன்று உலகம் முழுவதும் புட்டியில் இருக்கும் சதவீதம் அதன் வாரிசுதான், நிலையான வெப்பநிலை மட்டும் பெரும்பாலும் 20 டிகிரி. பிரிட்டன் 1980 ஜனவரி 1 முதல் அதற்கு மாறியது.

பீர் தனி வழி. ஆல்கஹால் உருவாவதற்கு முன்பே அதற்கு வரி போட்டார்கள். 1880இல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த முறையில், நொதிக்கும் முன் மால்ட் (முளைவிட்ட பார்லி) சாற்றின் ஒப்படர்த்தியை அளந்து, 1.057 உள்ள 36 கேலனுக்கு 6 ஷில்லிங் 3 பென்ஸ் என்று வைத்தார்கள். சர்க்கரை எவ்வளவோ அவ்வளவு ஆல்கஹால் வரும் என்பது கணக்கு. நொதித்தபின் சிந்தியது, கெட்டது எல்லாம் ஆலைக்காரர் தலையில். பிரிட்டனில் 1993 வரை இப்படித்தான் நடந்தது.

பழைய அப்காரி ஆவணங்களையோ வணிகக் கணக்குகளையோ படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புரூஃப் கேலன் என்று பார்த்ததும் எந்தக் கேலன், எந்த நாட்டுப் புரூஃப் என்று பாருங்கள். பிரிட்டனில் 1826க்கு முன் ஸ்பிரிட்டை அளந்தது 3.785 லிட்டர் கொண்ட ஒயின் கேலனில், அதன்பின் 4.546 லிட்டர் கொண்ட இம்பீரியல் கேலனில். அமெரிக்கா பழைய கேலனையே வைத்துக்கொண்டது. ஆகவே ஓர் இம்பீரியல் புரூஃப் கேலனில் தூய ஆல்கஹால் சுமார் 2.594 லிட்டர், அமெரிக்கப் புரூஃப் கேலனில் சுமார் 1.893 லிட்டர். சென்னை மாகாண அறிக்கைகளில் '30 யூ.பி. சாராயம்' என்று இருந்தால் (யூ.பி. என்பது அண்டர் புரூஃப்) அது 70 டிகிரி, அதாவது 40%. '60 யூ.பி.' என்றால் சுமார் 22.8%. யூ.பி. எண்ணை 100இலிருந்து கழித்து 0.5706ஆல் பெருக்கினால் போதும்.